சங்க ஆண்டறிக்கை: மேன்ஷன் ஹவுஸுக்கு நாம போன வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவை பொருளாளர் தனியா வாசிப்பார். பொங்கல், சித்திரை விழா, பசங்க தமிழ் கிளாஸ் எல்லாம் வழக்கம்போல நல்லா நடந்துச்சு, போட்டோ குரூப்ல இருக்கு, அதனால நேரா டூருக்கு வந்துடறேன்.

டப்ளின் மேன்ஷன் ஹவுஸ்னு கமிட்டில சொன்னதும் "தினம் லுவாஸ் டிராம்ல தாண்டிப் போற வீடு, அதுக்கு ஒரு டூரா"ன்னு முணுமுணுப்பு வந்துச்சு. லார்ட் மேயர், அதாவது டப்ளின் நகர மேயர், குடியிருக்கற வீடுங்கறதால நெனச்ச நேரத்துக்கு உள்ள போக முடியாது, அனுமதி வாங்கித்தான் போனோம். 1710ல ஜோஷுவா டாசன்னு ஒருத்தர் தனக்குன்னு கட்டினது, 1715ல மாநகராட்சி 3,500 பவுண்டுக்கு வாங்கிருக்கு, அது போக வருஷா வருஷம் 40 ஷில்லிங் வாடகை, கிறிஸ்துமஸுக்கு 6 பவுண்டு எடையில ஒரு சர்க்கரைக் கட்டி! இதைக் கேட்டதும் நம்ம பொருளாளர் "சந்தா பாக்கியையும் இப்படி சர்க்கரையா வாங்கிடலாமே"ன்னார், பாக்கி வச்சிருந்தவங்க யாரும் சிரிக்கல. டாசனும் சும்மா விக்கல, கூடுதலா ஒரு ரூம் கட்டித் தரணும்னு பேச்சு, அதான் சுவர் முழுக்க மரப்பலகை அடிச்ச ஓக் ரூம், மேயர் குடுக்கற வரவேற்பெல்லாம் இன்னிக்கும் அங்க நடக்குது.

பக்கத்துல ரவுண்ட் ரூம். 1821ல பிரிட்டிஷ் ராஜா நாலாம் ஜார்ஜ் வர்றார்னு அவசரமா எழுப்பின ஹால், அதே ஹால்ல 1919 ஜனவரி 21 அன்னிக்கு முதல் டாயில், அதாவது அயர்லாந்தோட பார்லிமென்ட், கூடி அயர்லாந்து சுதந்திரப் பிரகடனம் பண்ணிருக்காங்க. ராஜாவுக்குக் கட்டின இடத்துலயே ராஜா வேண்டாம்னு சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அன்னிக்கு பேர் கூப்பிடறப்ப பல பேருக்கு "அன்னியர் சிறையில்"னு பதில் வந்துட்டே இருந்துச்சாம், பாதி உறுப்பினர் ஜெயில்ல இருந்தா வேற என்ன பதில் வரும்.

அக்காமாருக்குப் பிடிச்சது கேத்லீன் கிளார்க் கதை. 1939ல முதல் பெண் லார்ட் மேயர், அயர்லாந்து விடுதலைக் கிளர்ச்சில இருந்த புருஷனை 1916ல பிரிட்டிஷ்காரன் சுட்டுக் கொன்னுட்டான், இவங்க இங்கிலாந்து ராஜா மூணாம் வில்லியம் குடுத்த, மேயர் போடற தங்கச் சங்கிலியை கழுத்துல போட மாட்டேன்னுட்டாங்க, விக்டோரியா ராணி படத்தையும் கழட்ட வச்சிட்டாங்க. பதவியும் வேணும், கொள்கையும் வேணும்னா அப்படித்தான்.

இடம் கம்மியா இருந்ததால கடைசில பேர் குடுத்தவங்களை கூட்டிட்டுப் போக முடியல, அடுத்த தடவை அவங்களுக்குத்தான் முதல் இடம். வாட்டர் பார்க் கேட்டவங்க பொதுக்குழுல எழுந்து சொல்லுங்க, ஓட்டுக்கு விடறோம். சந்தா பாக்கி இந்த மாசத்துக்குள்ள, பணமா மட்டும்.