மருந்து இலவசம் சரி, ஊட்டிக்குப் போயிட்டு வர்ற செலவு யாரு கணக்குல?

டெல்லில தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமான நாகோ ஆபீஸ்ல திட்டம் போடுறவங்களுக்கும், சென்னைல தமிழ்நாட்டு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமான டான்சாக்ஸ் அதிகாரிங்களுக்கும், இதுக்கெல்லாம் பணம் ஒதுக்குற நிதித்துறை ஆளுங்களுக்கும் வணக்கம்.

நான் நீலகிரில பந்தலூர் பக்கம். எச்.ஐ.வி. இருக்கிறவங்களுக்காக நடக்குற ஒரு சின்ன சங்கத்துல கணக்கு வழக்கு பாக்குற ஆளு. டாக்டர் கிடையாது, அதனால மருந்தைப் பத்தி உங்களுக்குப் பாடம் எடுக்க வரல, பணத்தைப் பத்தி மட்டும் பேசிக்கிறேன்.

மொதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். 1986-ல சென்னைலதான் நாட்டுலயே மொத மொதல்ல இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சாங்க, 1992-ல எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பிச்சப்போ உலக வங்கிகிட்ட 84 மில்லியன் டாலர் கடன் வாங்கித்தான் ஆரம்பிச்சோம், 2021-26 கட்டத்துக்கு ஒதுக்கினது 15,471.94 கோடி ரூபாய், அதுவும் பெரும்பாலும் நம்ம சொந்தப் பணம். 2025 ஜனவரில அமெரிக்கா உதவிப் பணத்தை நிறுத்தி வச்சப்போ ஆப்பிரிக்கால எத்தனையோ கிளினிக் ஆடிப்போச்சு, நம்ம ஊர்ல மாத்திரை நிக்கல. இதைச் சும்மா ஒன்னும் சொல்லல, உண்மையாவே பெரிய விஷயம்.

இப்ப என் கணக்குக்கு வர்றேன். ஒரு காலத்துல ஒரு ஆளுக்கு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல. 2001-ல நம்ம சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தர்றேன்னு சொன்னதும் உலகமே திரும்பிப் பாத்துச்சு. 2004 ஏப்ரல்ல அரசாங்கமே இலவசமா குடுக்க ஆரம்பிச்சுது. 2023-ல ஏழை நாடுகளுக்கு மருந்து வாங்க உதவுற குளோபல் ஃபண்ட் வாங்குற விலை, ஒரு நாளைக்கு ஒரு மாத்திரையா போடுறோமே அந்த டி.எல்.டி., வருஷத்துக்கு 45 டாலருக்கும் கீழ வந்துடுச்சு. நம்ம பணத்துல போட்டா 3,700 ரூபாய் பக்கம்.

சரி, சேரம்பாடி எஸ்டேட்ல வேலை பாக்குற ஒருத்தர் மாசா மாசம் மாத்திரை வாங்க ஊட்டிக்குப் போறாருன்னு வைங்க. பந்தலூர், கூடலூர், நடுவட்டம், பைக்காரான்னு போகணும், கூடலூர்ல இருந்தே 50 கிலோமீட்டர். விடியக்காலைல ரோட்டுல யானை நிக்கும், மழைக்காலத்துல மண்ணு சரிஞ்சா பஸ்ஸே கிடையாது, எப்படிப் பாத்தாலும் அன்னைக்கு எஸ்டேட்ல பேர் விழாது, ஒரு நாள் கூலி போச்சு. கூலி 400-ன்னு குறைச்சே வச்சுக்குவோம், பஸ்ஸு டீ சாப்பாடு 300, மொத்தம் 700. பன்னெண்டு மாசத்துக்கு 8,400 ரூபாய். அதாவது அரசாங்கம் அவருக்குக் குடுக்குற மாத்திரையோட விலையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல, அந்த மாத்திரையை வாங்கிட்டு வர அவரே கைக்காசு போட்டுச் செலவு பண்றாரு. இந்த 8,400 உங்க எந்த ரிப்போர்ட்லயும் செலவா வராது, ஏன்னா உங்க கணக்குல அது செலவே இல்ல.

பொம்பளைங்களுக்கு 2024-ல மலைக்கும் ஃப்ரீ பஸ் வந்துச்சே, பஸ் காசு மிச்சம்தான். ஆனா எல்லா பஸ்ஸுக்கும் அது செல்லாது, கூலிக்கு யாரு பதில் சொல்றது?

கிட்ட ஒரு சென்டர் தொறந்துட்டா முடிஞ்சுதுன்னு நெனைப்பீங்க. தொறங்க, வேணும்தான். ஆனா இது மலை ஊருங்க, எச்.ஐ.வி. பரிசோதனை பண்ற நம்பிக்கை மையத்து வாசல்ல நின்னா எதிர்ல டீக்கடைல நிக்கிறது சித்தப்பா பையனா இருப்பான். அதனாலயே கிட்ட இருக்கிறதை விட்டுட்டு கோயம்புத்தூருக்கும் கோழிக்கோட்டுக்கும் போறவங்க இருக்காங்க. அவங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, ரகசியம் காக்கணும்னு 2017 எச்.ஐ.வி. சட்டமே சொல்லுது, அவங்க அந்த ரகசியத்தைக் காசு குடுத்து வாங்கிக்கிறாங்க அவ்ளோதான்.

அதே காரணத்துக்குத்தான் கார்டு, பாஸ்னு எந்தச் சலுகையா இருந்தாலும் பயமா இருக்கு. நோய் பேர் அச்சடிச்ச அட்டையைக் கண்டக்டர்கிட்ட யாரு நீட்டுவா? டிபி நோயாளிங்களுக்கு நிக்‌ஷய் போஷன்ல 2018-ல மாசம் 500 ரூபாய் நேரா பேங்க் அக்கவுண்டுக்கு ஆரம்பிச்சு, 2024 நவம்பர்ல 1,000 ஆக்கினீங்க. அதே வழி இதுக்கும் போடலாம். ஒரே ஒரு வேண்டுகோள், பாஸ்புக்ல அந்த வரவு வரில எச்.ஐ.வி.ன்னோ, இந்தச் சிகிச்சையோட பேரான ஏ.ஆர்.டி.ன்னோ வரக்கூடாது, எங்க ஊர்ல பாஸ்புக் என்ட்ரி போடப் போறது பாதி நேரம் பக்கத்து வீட்டுப் பையன்தான்.

காசே செலவில்லாத வழியும் ஒன்னு இருக்கு. மருந்துல உடம்பு நல்லா இருக்கிற நோயாளிங்களுக்கு 3 மாச மாத்திரையைச் சேத்துக் குடுங்க. கொரோனா டைம்ல செஞ்சீங்க, ஒன்னும் கெட்டுப்போகல. பன்னெண்டு தடவை நாலு தடவை ஆகும், 8,400 போய் 2,800-ல நிக்கும். ஆனா குடோன்ல ஸ்டாக் இருந்தாத்தான் இது நடக்கும். 2022-ல மருந்து இல்லன்னு டெல்லில நாகோ ஆபீஸ் முன்னாடியே ஜனங்க உக்காந்தாங்களே, அந்த மாதிரி நேரத்துல கொஞ்ச நாளுக்கு மட்டும் எண்ணிக் குடுத்தா, தூரத்துல இருக்கிறவன்தான் மொதல்ல மாத்திரையை விடுவான். விட்டா கிருமி ஏறும், மருந்துக்கு மசியாம போகும், அப்புறம் செகண்ட் லைன்னு சொல்ற அடுத்த கட்ட மருந்து, டிபி, பெட்ல சேக்குறதுன்னு உங்க செலவுதான் ஏறும். நாலு தடவை பஸ் காசு குடுக்கிறது இதுக்கு முன்னாடி ஒன்னுமே இல்ல.

எச்.ஐ.வி. வராம தடுக்க லெனாகாபவிர்னு ஊசி வந்திருக்கு, வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு, 2027-ல இருந்து வருஷத்துக்கு 40 டாலருக்குத் தர்றதா 2025 செப்டம்பர்ல அறிவிச்சாங்க, செய்யப்போறதும் நம்ம நாட்டுக் கம்பெனிங்கதான். அதை வாங்குறப்பவாவது மலைக்கு எப்படி வந்து சேரும்னு சேத்து யோசிங்க.

2026 மார்ச்சுக்கு அப்புறம் வர்ற கட்டத்துக்குப் பட்ஜெட் போடுறப்போ, நோயாளியோட வழிச்செலவும் ஒரு நாள் கூலியும்னு தனியா ஒரு வரி போடுங்க. எவ்வளவு ஆகும்னு கேக்கணும்னா கூடலூர்ல ஒரு கூட்டம் வைங்க, நாங்களே கணக்கு நோட்டோட வர்றோம். ஞாயித்துக்கிழமை வைங்க, கூலி போகாது. வாசல்ல பேனர் மட்டும் கட்டாதீங்க.