பாடநூல் குழுவினருக்கு: அந்தக் கறுப்புக் கல்லைக் கொஞ்சம் பேச விடுங்கள்

அறிவியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் புத்தகங்களில் எரிமலைப் பாறை ஒரு பாடம், புவித்தட்டுகள் வேறொரு பாடம். முதலாவதில் பசால்ட் கறுப்பாக இருக்கும் என்று இரண்டு வரி, இரண்டாவதில் ஆப்பிரிக்காவும் தென்னமெரிக்காவும் பொருந்துகிற அதே பழைய படம். தட்டுகளின் கதையில் பெரும்பகுதியை நமக்குச் சொன்னதே அந்தக் கறுப்புக் கல்தான், அதை எதற்கு இப்படித் தனியாக ஒதுக்கி வைக்கிறீர்கள்?

வலுவான காந்தம் ஒன்றை நூலில் கட்டி பசால்ட் துண்டின் அருகே தொங்கவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் லேசாக இழுபடும். உள்ளே மேக்னடைட் என்ற காந்தத் தன்மையுள்ள இரும்புக் கனிமத்தின் மணிகள் இருக்கின்றன. எரிமலைக் குழம்பு ஆறி, வெப்பம் சுமார் 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது, அன்றைக்குப் பூமியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் நின்றதோ அதை அந்த மணிகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கடற்தளப் பாறையில் காந்தத் திசை பட்டை பட்டையாக மாறி மாறி வருவதற்கு 1963இல் வைன், மேத்யூஸ் என்ற புவி அறிவியலாளர்கள் சொன்ன விளக்கம் இதை நம்பித்தான். சரி, இதையாவது சில புத்தகங்கள் தொடுகின்றன.

ஹவாய்க்கு வருவோம். அந்த எரிமலைச் சங்கிலி சுமார் 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் சட்டென்று வளைகிறது. 'தட்டு திசை மாறியது' என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். ஆனால் பாறைக்குள் உறைந்த காந்தம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால் அது எந்த அட்சரேகையில் ஆறியது என்பதும் தெரியும். 2001இல் அந்தச் சங்கிலியின் பழைய பகுதியான, கடலுக்கடியில் கிடக்கும் எம்பரர் கடல்மலைகளில் துளையிட்டு எடுத்த கற்களை அளந்தபோது, பழையவை இன்றைய ஹவாய்க்கு வெகு வடக்கே பிறந்தவை என்று தெரிந்தது. தட்டுக்கு அடியிலிருந்து இந்த எரிமலைகளுக்குக் குழம்பு அனுப்பும் வெப்பப்புள்ளி, அசையாமல் நின்றதாக நாம் நம்பிய அதுவே, தெற்கு நோக்கி நகர்ந்திருக்கிறது! வளைவில் தட்டின் பங்கு எவ்வளவு, வெப்பப்புள்ளியின் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

அப்புறம், மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: தட்டுகள் எப்போது நகரத் தொடங்கின? கடற்தளத்தைக் கேட்டுப் பயனில்லை, அது திரும்ப உள்ளே போய்விடுகிறது, 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது கிட்டத்தட்ட மிச்சமில்லை. கண்டங்களில் தப்பிக் கிடக்கும் பழைய எரிமலைப் பாறைகளைத்தான் கேட்க வேண்டும். ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும்போது அதிலிருந்து வெளியேறும் நீர் மேலே உள்ள பாறையை உருக வைக்கிறது, பேரியம் என்ற தனிமத்தையும் கூடவே இழுத்து வருகிறது, நியோபியம் என்ற தனிமம் மட்டும் பெரும்பாலும் பின்தங்கிவிடுகிறது. 300 கோடி ஆண்டுப் பாறைகளிலும் இந்த நியோபியக் குறைவைத் தேடுகிறார்கள். கிடைத்தாலும் சிக்கல்தான், ஏனென்றால் மேலேறும் வழியில் பழைய கண்டப் பாறையை விழுங்கிய குழம்பும் இதே அடையாளத்தைக் காட்டும். அதனால் 300 கோடிக்கும் முன்பே என்பவர்களும் இருக்கிறார்கள், 100 கோடி ஆண்டுதான் ஆகிறது என்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தச் சண்டையைப் புத்தகத்தில் போடுங்கள், மாணவர்கள் தாங்குவார்கள். அடுத்த பதிப்பில் இரண்டு பாடங்களையும் ஒன்றாக்குங்கள். அது முடியாதென்றால், செய்முறைப் பக்கத்தில் ஒரு கல், ஒரு காந்தம், ஒரு முழம் நூல், அதையாவது சேருங்கள்.