டிரங்குப் பெட்டிக்குள் ஓர் அரசாங்கம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நாங்கள் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஊர்களில் மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரும்பி வந்த குடும்பங்கள் நிறைய. அந்த வீடுகளில் இருக்கும் காகிதங்களைப் படமெடுக்கவும், பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்யவும் உங்களிடம் பண உதவி கேட்கிறோம்.

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் நேதாஜி அறிவித்த தற்காலிக அரசைத்தான் நம் பெரியவர்கள் ஆசாத் ஹிந்த் சர்க்கார் என்பார்கள். நாட்டுக்கு வெளியே நடந்த அரசு என்றாலும் அமைச்சரவை இருந்தது, படை இருந்தது; அந்தப் படைதான் இந்திய தேசிய ராணுவம். 1944 ஏப்ரலில் ரங்கூனில் ஒரு வங்கியும் திறந்தார்கள். சென்னையில் மருத்துவம் படித்த லட்சுமி சுவாமிநாதன் மகளிர் துறையைக் கவனித்தார். எஸ்.ஏ. ஐயரிடம் பிரசாரத் துறை.

பணம் எங்கிருந்து வந்தது? அங்கே குடியேறியிருந்த இந்தியர்களிடமிருந்துதான். வசதியான வியாபாரிகளிடம் கறாராகவே வசூலித்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கோலாலம்பூரில் நேதாஜியின் பேச்சைக் கேட்ட இளம்பெண் ஜானகி தேவர், யாரும் வற்புறுத்தாமல் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார். ரப்பர் தோட்டத்து லயன்களிலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) போன தமிழ்ப் பெண்கள் அந்தப் படையில் ஏராளம். சிங்கப்பூர் செட்டியார் கோயிலுக்கு நிதி வாங்க அழைத்தபோது, எல்லாச் சாதியாரையும் மதத்தாரையும் உள்ளே விட்டால்தான் வருவேன் என்றார் நேதாஜி. கோயிலார் ஒப்புக்கொண்டார்கள். முஸ்லிம் அதிகாரியான ஆபித் ஹசனும் அவரோடு உள்ளே போனார். எங்களுக்கு மிகவும் பிடித்த சம்பவம் இது.

இதே காலத்தில், இதே தோட்டங்களிலிருந்துதான் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியர் நம் ஆட்களைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் தமிழர்கள் அங்கே செத்தார்கள். ஜப்பானின் துணையோடு நின்ற அரசைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஒரே வீட்டில் அக்கா படைக்குப் போயிருப்பார், தம்பி ரயில் பாதைக்குப் போயிருப்பான். இரண்டு கதையையும் பதிவு செய்கிறோம்.

1945 நவம்பரில், இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள்மீது பிரிட்டிஷார் டெல்லி செங்கோட்டையில் நடத்திய வழக்கு தொடங்கியது. ஆசாத் ஹிந்த் முறையான அரசு, போர் தொடுக்கும் உரிமை அதற்கு உண்டு என்று அவர்களுக்காக வாதாடினார் வழக்கறிஞர் புலாபாய் தேசாய். அந்த அரசு எப்படி நடந்தது என்று ஐயர் சாட்சி சொன்னார். அமைச்சர்களின் சாட்சியம் ஏட்டில் ஏறிவிட்டது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர் கொடுத்த இரண்டு டாலருக்கான ரசீது மட்டும் பேரன் வீட்டுப் பரண்மேல் டிரங்குப் பெட்டியில் செல்லரித்துக் கிடக்கிறது. அந்த அரசைத் தாங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தலைமுறையில் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் வாயால் கேட்ட பிள்ளைகளுக்கே இப்போது எழுபது, எண்பது வயது.

இதுவரை கைப்பேசியில்தான் படமெடுத்தோம். மங்கிய மை அதில் சரியாக விழுவதில்லை. ஒரு நல்ல ஸ்கேனர், இரண்டு ஒலிப்பதிவுக் கருவி, ஊர் ஊராகப் போகப் பேருந்துச் செலவு, கேட்டதை எழுத்தாக்குபவருக்குக் கூலி என்று 80 வீடுகளுக்கு 2,40,000 ரூபாய் ஆகும். அதாவது வீட்டுக்கு 3,000. கையில் இருப்பது 65,000. 100 ரூபாய் என்றாலும் ரசீது தருவோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை நூலகப் பலகையில் ஒட்டுவோம். பணத்தை ஞாயிறு மாலை நூலகத்தில் எங்கள் பொருளாளரிடம் கொடுக்கலாம்.

பணம் தர முடியாதவர்கள் தயங்க வேண்டாம். உங்கள் வீட்டில் பழைய பெட்டி இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நாங்களே வருகிறோம். உங்கள் கண்முன்னாலேயே படமெடுத்துவிட்டு, காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவோம்.

இப்படிக்கு,
குழுவினர்