அன்னதானக் குழுக்களுக்கு: வெள்ளை நுரைப்பெட்டியில் சுடுசோறு வேண்டாம்

சிங்கப்பூரில் கோயில் விழாக்களிலும் சமூக நிகழ்ச்சிகளிலும் அன்னதானம் வழங்கும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும் தொண்டூழியர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஒரு விழாவில் பொட்டலம் கட்டும் வரிசையில் நானும் நின்றேன். அண்டாவிலிருந்து சாம்பார் சாதம் ஆவி பறக்க வெள்ளை நுரைப்பெட்டிகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. மேலே ஒரு கரண்டி நெய், ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய். வீட்டில் சாப்பிட்டு முடித்துப் பெட்டியைக் கழுவிப் பார்த்தால், ஊறுகாய் இருந்த இடம் சிறு குழியாக இறங்கியிருந்தது. என் பேத்தி அதை விரலால் தடவிப் பார்த்து, "இங்கே இருந்த பிளாஸ்டிக் எங்கே போயிற்று, தாத்தா?" என்று கேட்டாள். ஊறுகாயோடு போயிற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூரோங்கில் பிளாஸ்டிக் வார்ப்பு வேலையில் 27 ஆண்டுகள் இருந்தவன் நான். அதில் பெரும்பகுதி, இந்த நுரைப்பெட்டி செய்யப்படும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கோடு கழிந்தது. அந்தப் பொருள்மீது எனக்குப் பகை இல்லை. அதன் குணம் தெரியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

1839இல் ஜெர்மனியில் எடுவார்ட் சிமோன் என்ற மருந்தாளர் ஒரு மரப்பிசினிலிருந்து ஸ்டைரீன் என்ற நீர்மத்தைப் பிரித்தெடுத்தார். வைத்திருந்த நீர்மம் தானாகவே கூழாகக் கெட்டிப்பட்டது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டது என்று அவர் நினைத்தார். உண்மையில் ஸ்டைரீன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நீண்ட சங்கிலிகளாகியிருந்தன. அதுதான் பாலிஸ்டைரீன். பிளாஸ்டிக் என்பதே இப்படிப்பட்ட நெடுஞ்சங்கிலிதான் என்று 1920களில் நிறுவிய ஹெர்மன் ஸ்டவுடிங்கருக்கு 1953இல் நோபெல் பரிசு கிடைத்தது.

பூத்தொடுப்பதை நினைத்துப் பாருங்கள். பாலிஸ்டைரீன் சங்கிலியும் ஆயிரக்கணக்கான பூக்கள் கோத்த சரம் போன்றதுதான். அதன் ஒவ்வொரு கண்ணியிலும் அணுக்களாலான பருத்த ஒரு வளையம், ஒழுங்கில்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கிறது. இத்தகைய சரங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். வரிசையாக அடுக்கவும் முடியாது, எளிதில் புரளவும் முடியாது. அதனால்தான் பாலிஸ்டைரீன் கண்ணாடிபோல் விறைப்பாகவும் தெளிவாகவும் இருக்கிறது. அந்த விறைப்பு சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரைதான். அதை நெருங்கும்போதே பிடி தளரத் தொடங்கும். நுரைப்பெட்டியோ, வாயு கலந்து ஊதிய தகட்டைச் சூடாக்கி இழுத்து அச்சில் அழுத்தி, அப்படியே உறையவைத்தது. மறுபடி சூடு பட்டால் சங்கிலிகள் பழைய நிலைக்குச் சுருங்கப் பார்க்கும், பெட்டி கோணும். வடை பொரியும் எண்ணெய் 170, 180 டிகிரி. சட்டியிலிருந்து எடுத்த வடையை நேரே இந்தப் பெட்டியில் போடுகிறோம்.

சூட்டைவிட எண்ணெய்தான் எனக்குப் பெரிய கவலை. தெளிவான பாலிஸ்டைரீன் கரண்டி ஒன்றை மெல்ல வளைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழைபோல் வெள்ளிக்கோடுகள் தெரியும். அவை இன்னும் விரிசல் ஆகவில்லை. இழுவிசைக்குக் குறுக்கே பொருள் நுண்ணிய இடைவெளிகளாகப் பிரிந்து, இரு கரைகளையும் மெல்லிய இழைகள் பாலம்போல் தாங்கி நிற்கும் நிலை அது. இழை தாங்கும்வரை கரண்டி பிழைக்கும். அந்த இடைவெளிக்குள் எண்ணெய் ஊறினால் இழைகள் நெகிழ்ந்து அறும். தாங்கவேண்டிய அளவைவிடக் குறைந்த விசைக்கே பொருள் முறியும். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் குளிர்பெட்டித் தட்டுகள் பாரம் ஏற்றாமலே வெடித்தன. வாரக்கணக்கில் மூலப்பொருளைக் குறை சொன்னோம். கடைசியில் பார்த்தால், அச்சைத் துடைக்க ஒருவர் பூசிய எண்ணெய்! வார்த்தபோது தட்டுக்குள்ளேயே உறைந்த இறுக்கமும் அந்த எண்ணெயும் சேர்ந்து வேலையைக் காட்டியிருந்தன.

நெய் வழியும் பெட்டிகளைப் பத்து அடுக்காக வைத்துத் தூக்கும்போது, மூடி மடியும் கீல் ஓரத்தில் நடப்பதும் இதே கதைதான்.

ஊறுகாய்க் குழிக்குக் காரணம் வேறு. எலுமிச்சைத் தோலைப் பிழிந்தால் தெறிக்கும் மணமுள்ள எண்ணெயில் லிமோனீன் இருக்கிறது. அது பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். சூடும் கொழுப்பும் கூடக்கூட, சங்கிலியில் சேராமல் பிளாஸ்டிக்கில் எஞ்சியிருக்கும் ஸ்டைரீன் உணவுக்குள் இறங்குவதும் கூடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் ஸ்டைரீனைப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகமுள்ள பொருள்களோடு சேர்த்தது. பசித்தவர் கையில் கொடுக்கும் சோற்றில் இந்தச் சந்தேகத்தையும் வைத்துக் கொடுக்க நமக்கு மனம் வரலாமா?

அங்கேயே அமர்ந்து சாப்பிடுவோருக்கு வாழையிலையும் எவர்சில்வர் தட்டும் போதும். கழுவ ஆள் இல்லை என்பீர்கள். எங்கள் வயதினர் வருகிறோம். எடுத்துச்செல்வோருக்குப் பெட்டி வாங்கும்போது அடியில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். 6 என்றால் பாலிஸ்டைரீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன். பின்னது 160 டிகிரிக்கு அருகில்தான் உருகும், நெய்க்கும் அசையாது. சில காசு கூடுதலாகும், மறுக்கவில்லை. இப்போதைக்கு நுரைப்பெட்டிதான் கிடைக்கிறது என்றால், ஆவி அடங்கிய பிறகு சோற்றை நிரப்புங்கள். ஊறுகாயைத் துண்டு இலையில் தனியாக மடித்துக் கொடுங்கள்.

தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலுக்கான பொருள்களை வாங்கும் முன், உங்கள் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு கரண்டி, கொஞ்சம் நெய், ஓர் எலுமிச்சைத் தோல், ஒரு நுரைப்பெட்டி கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வார்ப்புத் தொழிலாளி ஒருவர்,
உட்லண்ட்ஸ்