வரைபடத்தைக் கோப்பாகக் கொடுங்கள்: மலையேற்றச் செயலி நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்கும் தெரியும், உங்கள் சந்தாதாரர்களுக்கும் தெரியும். போன அப்டேட்டில் என்ன செய்தீர்கள் என்றும் நான் விளக்க வேண்டியதில்லை. வரைபடத்தைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள இருந்த பட்டனை எடுத்துவிட்டீர்கள். இனி எல்லாம் போனுக்குள், செயலிக்குள், லாகினுக்குள். "பயனர் அனுபவத்தை மேம்படுத்த" என்று காரணமும் போட்டிருந்தீர்கள். அந்த மேம்பட்ட அனுபவம் எங்களுக்கு ஜவ்வாது மலையில் கிடைத்தது.

வேலூரிலிருந்து அமிர்தி தாண்டி மேலே போனால் டவர் விட்டுவிட்டுத்தான் எடுக்கும், அப்புறம் அதுவும் இருக்காது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. அதனால்தான் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே ஜமுனாமரத்தூர் சுற்றுவட்டாரம் முழுவதையும் உங்கள் 'ஆஃப்லைன்' வசதியில் இறக்கி வைத்தோம். மலைமேல் பனி மூடிய நேரத்தில் திறந்தால், "சந்தாவைச் சரிபார்க்க இணையத்துடன் இணையுங்கள்" என்று ஒரு வரி. அதற்குப் பின்னால் வெறும் சாம்பல் நிறத் திரை. நடுவில் அந்த நீலப் புள்ளி மட்டும் சமர்த்தாக நின்றது. ஜிபிஎஸ் அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அதற்கு செயற்கைக்கோள் போதும், சிம் கார்டே தேவையில்லை. புள்ளி இருந்தது, மலைதான் இல்லை.

எங்களுக்கு முன்னால் இரண்டு ஓடைகள் இறங்கின. ஒன்றில் நடந்து இறங்கலாம், இன்னொன்று பாறைச் சரிவில் கொண்டுபோய் விடும். எது எது என்று சம உயரக் கோடுகளைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தால் சாய்வு. பள்ளிக்கூடப் புவியியல் பாடம் இது. கூட வந்த வழிகாட்டி மலைக்கிராமத்துக்காரர். என் போனை எட்டிப் பார்த்து, "இன்னா சார், ஒண்ணுமே காணோம்?" என்றார். காடு அவருக்கு மனப்பாடம், பத்திரமாக இறக்கிவிட்டார். வனத்துறை கொடுத்த அனுமதிக் கடிதமும் பையில் இருந்தது. அது காகிதம் என்பதால் லாகின் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து உங்களுக்கு எழுதினேன். "இணைய இணைப்பைச் சரிபார்த்துவிட்டு மீண்டும் முயலவும்" என்று பதில் வந்தது. ஜவ்வாது மலையில் எந்த இணைப்பை ஐயா சரிபார்ப்பது?

நாங்கள் கேட்பது ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கிய வரைபடத்தை எங்கள் கணினியில் கோப்பாக வைத்துக்கொள்ள விடுங்கள்.

கணினி எதற்கு என்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டிருந்தார். உள்ளங்கை அளவுத் திரையில் ஒரு மலைத்தொடர்ப் பயணத்தைத் திட்டமிட முடியாது என்பதால்தான். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போ ஷீட்டில் (நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாளில்) ஒரு சென்டிமீட்டர் என்பது அரை கிலோமீட்டர். ஒரு தாளில் பக்கத்துக்குச் சுமார் 27 கிலோமீட்டர் அடங்கும். வேலூர் ஊர் 57 P/1 என்ற எண் தாளில் வரும், ஜமுனாமரத்தூர் 57 L/14-இல். மலை தாளின் ஓரத்தைப் பார்த்து நின்றுவிடாது. பல தாள்களை ஒட்டிப் பார்த்தால்தான் மேலே ஏறும் வழியும் கீழே இறங்கும் வழியும் ஒன்றாகக் கண்ணில் படும். அதை க்யூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளில், பெரிய திரையில் செய்கிறோம். வழியைக் குறித்து ஜிபிஎக்ஸ் கோப்பாக்கி, கூட வருகிற எல்லோருடைய போனிலும் ஏற்றுகிறோம். ஹார்ட் டிஸ்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று நகல் வைக்கிறோம். முக்கியமான பகுதியை அச்சடித்து பிளாஸ்டிக் உறையில் போடுகிறோம். ஒரு போன் தண்ணீரில் விழுந்தாலும் பயணம் நிற்காது. உங்கள் புது ஏற்பாட்டில் போன் நன்றாக இருந்தும் நின்றது.

கோப்பாகக் கொடுத்தால் உரிமப் பிரச்சினை என்கிறீர்கள். உங்கள் வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் நீங்களே போட்டிருப்பதைத்தான் சொல்கிறேன். பாதைகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்து எடுத்தவை. தன்னார்வலர்கள் நடந்து நடந்து வரைந்தவை, மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் நகலெடுக்கலாம் என்று உரிமமே சொல்கிறது. மலையின் உயரம் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் ரேடாரில் அளந்தது. ஏலகிரியும் ஜவ்வாது மலையின் பெரும்பகுதியும் அதில் ஒரே கோப்பு, சுமார் 25 எம்பி. நாசா அதைக் காசு வாங்காமல் தருகிறது. ஊரார் கொடுத்ததைக் கோத்து அழகாக வண்ணம் பூசியது உங்கள் உழைப்பு, அதற்குத்தான் சந்தா கட்டுகிறோம். பூட்டுக்கும் சேர்த்துக் கட்டவில்லை.

இப்போது எதைத்தான் சொந்தமாக வாங்க முடிகிறது? பாட்டு வாடகை, சினிமா வாடகை, போட்டோ வைக்கும் இடமும் வாடகை. இப்போது மலையும் வாடகைக்கு வந்துவிட்டது. அடுத்த அப்டேட்டில் ஓடைகள் தெரிய ஒரு திட்டம், பாறைகள் தெரிய இன்னொரு திட்டம் என்று பிரித்துவிடுவீர்களோ என்னவோ. யோசனை கொடுத்ததற்கு எனக்குப் பங்கு வேண்டாம்.

சரி, கோபத்தில் பேச்சு எங்கோ போகிறது. கோப்பு கைமாறி திருட்டு நடக்கும் என்ற உங்கள் பயமும் நியாயம்தான். ஒவ்வொரு கோப்பின் ஓரத்திலும் சந்தாதாரரின் எண்ணை அச்சடித்துக் கொடுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. எம்பிடைல்ஸோ ஜியோடிஃபோ, வரைபடக் கோப்பு எந்த வடிவமானாலும் சரி, வேறு மென்பொருளில் திறந்தால் போதும். நாடு முழுவதையும் கேட்கவில்லை. போகிற மலையை மட்டும், போவதற்கு முன் கணினியில் வைத்துக்கொள்ள விடுங்கள்.

அந்தப் பட்டனைத் திரும்பக் கொடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் அதை நேராகச் சொல்லி, மீதிச் சந்தாவைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இணைய இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லி மட்டும் இன்னொரு பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வேலூர்ச் சந்தாதாரர்களில் ஒருவன்