அந்த ஒரு வரியை எடுத்துவிடு

அன்பு மகளுக்கு,

அப்பாவின் நினைவுக் கூட்டத்தில் பேசுவதற்காக நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துவிடு. 'குடும்பத்துக்காகத் தன் விளையாட்டு ஆசையையெல்லாம் தியாகம் செய்தவர்' என்று எழுதியிருக்கிறாயே, அது உங்கப்பா இல்லை.

அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கல்யாணமான கையோடு கிளவுஸைத் தூக்கிக்கொண்டு விக்கெட் கீப்பிங் செய்யக் கிளம்பிய மனுஷன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் ஒரு மணிக்கு வருகிறேன் என்றால் ஒரு மணிக்கு வாசலில் நிற்பார். ஆட்டம் இழுத்தால் வேறு யாரையாவது ஸ்டம்புக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வந்துவிடுவார். டாஸ் போடும்போதே கேப்டனிடம் சொல்லி வைத்துவிடுவாராம். அவரை டீமில் எப்படித்தான் வைத்திருந்தார்களோ!

அவருடைய வலதுகைச் சுண்டுவிரல் உனக்கு ஞாபகமிருக்கும். பந்து பட்டுக் கோணிப்போன விரல். நான் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பும் நாட்களில் அந்தக் கையால்தான் உனக்குச் சடை பின்னுவார். மற்ற விரல்கள் முடிக்குள் போய் வரும். அது மட்டும் சேராமல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். சடையும் கொஞ்சம் கோணல்தான். நீ ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

உனக்கு ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்ததையும் சேர்த்துக்கொள். ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஓவர் முழுக்க ரன்னே இல்லையென்றால் ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து எம் எழுத்தாக்க வேண்டும். அதில் விக்கெட்டும் விழுந்திருந்தால் டபிள்யூ. ஆங்கில எழுத்தில் நீ முதலில் ஒழுங்காக எழுதியது அந்த இரண்டையும்தான். பள்ளிக்கூடத்தில் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

தூங்க வைக்க அவர் சொன்ன கதையை நான் சமையலறையிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். 1983 உலகக் கோப்பை, ஜிம்பாப்வேக்கு எதிரான ஆட்டம். 17 ரன்னுக்கு 5 விக்கெட் போயாச்சு. கபில்தேவ் 175 அடித்து ஆட்டமிழக்காமல் நிற்கிறார். வீடியோ பதிவே இல்லாத ஆட்டம் அது. இவர் பேப்பரில் படித்ததை வைத்துக்கொண்டே நேரில் பார்த்தவர் மாதிரி சொல்வார். நீ 'கபில்தேவ்!' என்று கத்தினால் உடனே, "கிர்மானி பேரையும் சொல்லு" என்பார். எட்டாவது விக்கெட் விழுந்தபோது ஸ்கோர் 140. அப்புறம் கபிலோடு கடைசிவரை நின்று 126 ரன் சேர்த்தவர் கிர்மானிதான். அதில் அவர் அடித்தது வெறும் 24. கிர்மானியும் விக்கெட் கீப்பர் என்பதால் இந்தப் பாசம் என்று கிண்டல் செய்வேன். சிரிப்பாரே தவிர மறுக்கமாட்டார்.

உனக்குத் தெரியாத ஒன்றும் சொல்கிறேன். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் நாலாவதாக வந்து அழுதுகொண்டு நின்றாயே, அன்றைக்கு அவர் பி.டி. உஷா கதையைச் சொல்லித் தேற்றுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஸ்டாப்வாட்ச்சைக் காட்டி, "போன தடவையைவிடக் குறைஞ்சிருக்கு பாரு" என்றார், அவ்வளவுதான். நீ தூங்கியபிறகு என்னைப் பிடித்துக்கொண்டார். 1984, லாஸ் ஏஞ்சல்ஸ், நானூறு மீட்டர் தடை ஓட்டம், நூறில் ஒரு வினாடியில் கைவிட்டுப்போன வெண்கலம் என்று நெடுநேரம் பேசினார். இதை அவளிடமே சொல்லியிருக்கலாமே என்றேன். அழுகிற பிள்ளையிடம் இன்னொருத்தர் தோல்வியைப் பேசக்கூடாதாம்.

இதையெல்லாம் மேடையில் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அழுகை வந்தால் சடை, ஸ்கோர் இரண்டோடு நிறுத்திக்கொள். அவரோடு விளையாடியவர்கள் எல்லோரும் வருகிறார்கள். பாதிப் பேருக்கு முட்டிவலி. முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லிவிட்டேன். பேச்சை நீட்டினால் அவர்களே அவுட் கொடுத்துவிடுவார்கள், பார்த்துக்கொள். விமானம் ஏறியதும் ஒரு மெசேஜ் போடு.

அன்புடன்,
அம்மா