நம்பு என்றால் நம்பிவிட முடியுமா?

பண்ருட்டி
ஞாயிறு இரவு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. போன வாரம் நாம் தொலைபேசியில் பேசியது பாதியில் நின்றதற்கு நான்தான் காரணம். "கடவுள் நம்பிக்கை இல்லை என்று நீயாகத்தானே முடிவு செய்தாய்? இருக்கிறது என்று முடிவு செய்துகொள்ள எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன். "அது முடிவு செய்கிற விஷயமா அம்மா?" என்று நீ திருப்பிக் கேட்டாய். பதில் தோன்றாத கோபத்தில் வைத்துவிட்டேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு கேள்வி பதிலில்லாமல் தங்கிவிட்டால் அது எப்படி உறுத்தும் என்று உனக்குத் தெரியும்.

இன்று மாலை ஒரு சோதனை செய்து பார்த்தேன். விளக்கேற்றிவிட்டுப் பூசை அறையில் அமர்ந்து, பத்து நிமிடத்துக்கு மட்டும் கடவுள் இல்லை என்று நம்புவதாகத் தீர்மானித்தேன். உன்னிடம் நான் கேட்டதும் இதேதான், திசை மட்டும் வேறு. கண்ணை மூடி, 'இல்லை, இல்லை' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்ல முடிந்தது, நம்ப முடியவில்லை. திரி கருகும் வாடை வந்து கண்ணைத் திறந்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது: 'அப்பனே, இந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்து முடிக்க வேண்டும்' என்று அவனிடமே வேண்டிக்கொண்டுதான் நான் உட்கார்ந்திருக்கிறேன். தனியாக இருந்தாலும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பத்து நிமிடத்துக்குக்கூட என்னால் முடியாததை ஆயுள் முழுவதற்கும் செய் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேனே!

நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் திருவதிகைக் கோயில் இருக்கிறது. நாவுக்கரசர் சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பிய இடம் என்று உன்னைக் கைப்பிடித்து அழைத்துப்போன காலத்திலிருந்து சொல்லி வந்திருக்கிறேன். வகுப்பில், 'உண்மையை உணர்ந்து திரும்பினார்' என்று ஒரே வரியில் கடந்துவிடுவதும் என் வழக்கம். இந்த வாரம் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வதை மறுபடி நிதானமாகப் படித்தேன். திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் (நாவுக்கரசரின் இயற்பெயர் அதுதான்) உலகத்தின் நிலையாமையை எண்ணி, சமயங்களை ஆராய்ந்து, சமணப் பள்ளியில் சேர்ந்து தருமசேனர் ஆகிறார். ஆக, சைவத்தை விட்டுப் போனது ஆராய்ச்சியினால். திரும்பி வந்ததோ வயிற்றைப் பிசைந்த சூலை நோயினால். 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்று இங்கே பாடினாரே, அந்த முதல் பாட்டில் இந்தச் சமயம் சரி, அந்தச் சமயம் தவறு என்ற வாதம் ஒன்றுமில்லை. குடலை முறுக்கும் வலியும், 'ஆற்றேன்' என்ற கதறலும்தான் இருக்கின்றன. அவர் தீர்மானித்தது என்று ஒன்று இருந்தால், அது இரவோடு இரவாகப் பள்ளியை விட்டு அக்காவைத் தேடி நடந்தது மட்டுமே. மற்றது தானாக நிகழ்ந்தது. (இது சைவர் சொல்லும் கதை, சமணர் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்பதை நான் மறக்கவில்லை.)

நீ புனேயில் இருப்பவள், உடனே அம்பேத்கரைச் சொல்வாய். 1935இல் இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தவர், எங்கே போவது என்று இருபத்தொரு ஆண்டுகள் எண்ணிப் பார்த்துவிட்டு, 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவினார். அதைவிடத் தெளிவான தேர்வு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனாலும் அன்று அவர் கொடுத்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் முதலாவதைப் பார். பிரமன், திருமால், சிவன் ஆகியோரிடம் நம்பிக்கை வைக்க மாட்டேன், அவர்களை வழிபடவும் மாட்டேன் என்கிறது. வழிபட மாட்டேன் என்பதை யாரும் நாளைக் காலையிலிருந்து கடைப்பிடிக்கலாம். நம்பிக்கை வைக்க மாட்டேன் என்பதை, அது ஏற்கெனவே உதிர்ந்துபோனவர்தான் மனமொப்பிச் சொல்ல முடியும். அன்று அங்கே நின்ற லட்சக்கணக்கானோரில் பலருக்கு அது மேடையில் உதிரவில்லை, பல தலைமுறைகளாகத் தங்களை உள்ளே விடாத கோயில் வாசல்களில் உதிர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எந்தச் சமயத்தாராக வாழ்வது என்பதை மனிதர் தேர்ந்தெடுக்கலாம். எது உண்மையென்று மனத்துக்குப் படுகிறது என்பது அப்படிக் கைக்கு அடங்குவதில்லை.

பாஸ்கல் என்ற பிரெஞ்சுக் கணித மேதை, நம்ப முடியாதவனுக்கு ஒரு வழி சொன்னார்: நம்புகிறவர்கள் செய்வதையெல்லாம் நீயும் செய்து வா, நம்பிக்கை பின்னால் வரும் என்று. உன் பாட்டியும் இதையே, பழகப் பழகச் சரியாகிவிடும் என்பார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. எனக்கு ஐந்து வயதுக்குள் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து ஊட்டப்பட்டதுதானே என் பக்தி! அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் அதில் எனக்குப் பெருமை கொண்டாட உரிமையும் இல்லை.

ஆனால் ஒன்றில் உன்னோடு எனக்கு வழக்கு உண்டு. ஆறுதலுக்காக நானாகப் பிடித்துக்கொண்டது இது என்று அன்று சொன்னாய். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அப்பா போன பிறகு பதினொரு மாதம் நான் கோயில் படியை மிதிக்கவில்லை. விளக்கேற்றினேன், அக்கம்பக்கத்தார் கேட்பார்களே என்பதற்காக. உள்ளே ஒன்றுமே இல்லை. ஆறுதல் எனக்கு மிகவும் தேவைப்பட்ட அந்த நாட்களில் அது எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. ஒரு விடியற்காலை வாசலில் புள்ளி வைத்துக் கொண்டிருந்தபோது, வாய் அந்தப் பதிகத்தை முணுமுணுப்பது மூன்றாவது வரியில்தான் எனக்கே தெரிந்தது. கோலமாவு விரலிடுக்கில் வழிந்துகொண்டிருக்க, குத்துக்காலிட்டபடியே சற்று நேரம் இருந்தேன். போனதும் என்னைக் கேட்டுப் போகவில்லை, வந்ததும் என்னைக் கேட்டு வரவில்லை. உனக்கும் அப்படித்தான் போயிருக்கும் என்பதை அன்றே நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

உனக்காக நேர்ந்துகொண்ட அர்ச்சனையை நிறுத்தச் சொன்னாய். அது என் வேண்டுதல், என் செயல். அதை நிறுத்த மாட்டேன், உன்னிடம் சொல்லிக்கொண்டும் இருக்க மாட்டேன். போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த உன் நெற்றியில் திருநீறு பூசினேன். காலையில் கண்ணாடியில் பார்த்தாய். ஒன்றும் சொல்லாமல் முகம் கழுவிக்கொண்டு வந்து காப்பி கேட்டாய். இனி அப்படிச் செய்ய மாட்டேன். தட்டு எப்போதும்போல் கூடத்து மாடத்தில் இருக்கும்.

பலாப்பழக் காலத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. தொலைபேசியில் இனி நடுவில் வைக்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா